நான்காயிரம் பேர் தேர்ந்தெடுத்த ஆசிரியர்: டாக்டர் ஜாகிர் ஹுசைன்

2022-இல் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்த சமயம். மக்ரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவருக்கு ஓட்டுப் போடுகிறோம், எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் போடுகிறோம், நாட்டின் முதல் குடிமகனைத் தேர்ந்தெடுக்க மட்டும் நமக்கு ஏன் ஓட்டு இல்லை ஹஜ்ரத் என்பது அவருடைய கேள்வி. எனக்குத் தெரிந்த சட்டப் பிரிவுகளைச் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் முகத்தில் தெளிவில்லை. விதிகளை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது என்பது மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த விதிகளின் வழியாக மேலே வந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னால் ஒருவேளை நிற்கும். அந்த எண்ணத்தில் எழுதியதே இது.

மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் இந்தியாவின் மூன்றாவது குடியரசுத் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம். இளையான்குடியில் அவர் பெயரில் 1970 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. இன்றைய பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொன்னால் தபேலாக் கலைஞரைத்தான் முதலில் நினைக்கிறார்கள். பெயருக்கு முன்னால் வரும் டாக்டர் பட்டத்தைப் பார்த்து மருத்துவர் என்று எண்ணுபவர்களும் உண்டு. அவர் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியர். வாழ்நாளின் பெரும்பகுதி வகுப்பறையிலும் பல்கலைக்கழக அலுவலகத்திலும் கழிந்தது. மக்கள் நேரடியாக வாக்களிக்கும் எந்தத் தேர்தலிலும் அவர் நின்று வென்று பதவிக்கு வந்தவரல்லர்.

அவர் பிறந்தது 1897 பிப்ரவரி 8-இல் ஹைதராபாத்தில். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்தில் உள்ள காயிம்கஞ்ச். அங்கே குடியேறிய அஃப்ரீதி பட்டாணியர் வம்சம். தந்தை ஃபிதா ஹுசைன் கான் ஹைதராபாத்தில் வழக்கறிஞராக நல்ல பெயர் எடுத்தவர். ஜாகிருக்குப் பத்து வயதானபோது தந்தை வஃபாத்தானார். 1911-இல் பிளேக் நோய் தாயையும் கொண்டுபோனது. எட்டாவா இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியில் படித்து, பிறகு அலீகர் எம்.ஏ.ஓ. கல்லூரியில் சேர்ந்தார்.

1920 அக்டோபரில் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்போடு காந்தியும் அலீ சகோதரர்களும் அலீகருக்கு வந்தார்கள். ஆங்கில அரசின் மானியத்தில் நடக்கும் கல்லூரியை விட்டு வெளியே வாருங்கள் என்பது அவர்களின் வேண்டுகோள். அப்போது ஜாகிர் எம்.ஏ. மாணவர், அதே கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடமும் நடத்திவந்தார். கையிலிருந்த வாய்ப்பை உதறிவிட்டு வெளியேறினார். அக்டோபர் 29-ஆம் தேதி, மால்டா சிறையிலிருந்து அந்த ஆண்டுதான் திரும்பியிருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்களின் தலைமையில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமியா தொடங்கப்பட்டது. நோய் முற்றிய நிலையிலும் அந்தப் பெரியவர் அலீகர் வரை வந்தார். அடுத்த மாதமே வஃபாத்தானார். தேவ்பந்தும் அலீகரும் இரண்டு துருவங்கள் என்று பேசிப் பழகிய நாம் இந்தக் காட்சியை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1922-இல் ஜெர்மனிக்குச் சென்ற ஜாகிர் ஹுசைன், இந்தியாவில் ஆங்கிலேயர் கடைப்பிடித்த வேளாண் கொள்கையை ஆராய்ந்து 1926-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கிருந்த நாட்களில் காலிபின் திவானை பெர்லினில் அழகிய பதிப்பாக அச்சிட ஏற்பாடு செய்தார். யார் ஆள வேண்டும், ஆள்பவனை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று விவாதிக்கும் பிளேட்டோவின் குடியரசு நூலை உருதுவில் மொழிபெயர்த்தவரும் அவரே.

அவர் ஜெர்மனியில் இருந்தபோது ஜாமிஆ மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கிலாஃபத் இயக்கம் ஓய்ந்ததும் பணம் வருவது நின்றுவிட்டது. 1925-இல் ஹகீம் அஜ்மல் கான் அதைத் தில்லி கரோல்பாகுக்குக் கொண்டுவந்து தம் செல்வாக்காலும் கைப்பணத்தாலும் தாங்கினார். நண்பர்கள் ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் இருவருடனும் திரும்பி வந்த ஜாகிர் ஹுசைன் 1926-இல் துணைவேந்தரானார். வயது 29. மறுவருடம் ஹகீம் அஜ்மல் கானும் காலமானார். இருபது ஆண்டுகள் பணியாற்றுவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் கேட்க மாட்டோம் என்று ஆசிரியர்கள் சிலர் உறுதி எடுத்துக்கொண்டார்கள். துணைவேந்தரும் அவர்களில் ஒருவர். அந்த 150 ரூபாயும் பல மாதங்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. அழுக்குக் காலணியோடு வரும் மாணவர்களைத் திருத்த அவரே வாசலில் அமர்ந்து பாலிஷ் போட்டார் என்ற செய்தியை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 22 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தை வறுமையில் உயிரோடு காத்ததுதான் பெரிய செயல். காந்தி 1937-இல் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாடு, கைத்தொழிலோடு இணைந்த ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்கும் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியது. 1946 நவம்பரில் நடந்த ஜாமிஆவின் வெள்ளி விழாவில் நேருவும் ஆசாதும் ஜின்னாவும் லியாகத் அலீ கானும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். நாடு முழுவதும் கலவரம் எரிந்த அந்த நாட்களில் அவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்க இவரால் முடிந்தது.

அடுத்த வருடம் பிரிவினை வந்தது. 1947 ஆகஸ்டில் காஷ்மீருக்கு ரயிலில் புறப்பட்ட ஜாகிர் ஹுசைன் ஜலந்தர் நிலையத்தில் கலவரக்காரர்களின் கையில் சிக்கினார். உயிர் போக வேண்டிய நேரம். சீக்கிய ராணுவ அதிகாரி ஒருவரும் இந்து ரயில்வே அதிகாரி ஒருவரும் குறுக்கே வந்து காப்பாற்றினார்கள். அவருடைய தம்பி மஹ்மூத் ஹுசைன் பாகிஸ்தானுக்குப் போய் அங்கே மத்திய அமைச்சரானார். அண்ணன் இங்கேயே இருந்தார். பிரிவினைக் கோரிக்கையின் பாசறை என்று பழி சுமந்து நின்ற அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தை 1948-இல் துணைவேந்தராக ஏற்று, 1956 வரை நடத்தினார்.

1952-இல் மாநிலங்களவை உருவானபோது அவர் நியமன உறுப்பினராக உள்ளே வந்தார். குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் விதி இங்கேதான் இவருடைய வாழ்க்கையோடு உரசுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் இருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டுமே இதில் வாக்குரிமை உண்டு. நியமன உறுப்பினர்களுக்கு இல்லை. மாநிலச் சட்டமேலவை உறுப்பினர்களுக்கும் இல்லை. தில்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கே 1992-இல் செய்த திருத்தத்திற்குப் பிறகுதான் கிடைத்தது. ஆக 1952-லும் 1957-லும் ராஜேந்திர பிரசாத் தேர்வானபோது, அவையில் இருந்தும் ஜாகிர் ஹுசைனுக்கு ஓட்டு கிடையாது. 1962-இல் ராதாகிருஷ்ணன் தேர்வானபோது இவர் பீகார் ஆளுநர், அப்போதும் கிடையாது. 1967-இல் இவர் குடியரசுத் துணைத் தலைவர். மாநிலங்களவைக்குத் தலைமை தாங்குவார், ஆனால் அதன் உறுப்பினர் அல்லர். தாமே வேட்பாளராக நின்ற தேர்தலிலும் ஓட்டு இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடக் குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்காத ஒருவர் குடியரசுத் தலைவரானார். அந்த மாணவரின் குறை, ஒருவகையில் இவருக்கும் இருந்த குறைதான்.

பீகார் ஆளுநராக 1957 முதல் 1962 வரை இருந்தபின் துணைத் தலைவர் தேர்தலில் நின்றார். அதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். இவருக்கு 568, எதிர்த்து நின்றவருக்கு 14. சிரமமே இல்லாத வெற்றி. 1963-இல் பாரத ரத்னா வந்தது.

1967 அப்படி இருக்கவில்லை. அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் 520 இடங்கள் கொண்ட மக்களவையில் 283-இல் மட்டுமே வென்றது. சென்னை மாநிலத்தில் அண்ணா தலைமையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கேரளம், மேற்கு வங்கம், பீகார், ஒரிசா, பஞ்சாப் ஆகியவையும் கைநழுவின. மாநிலப் பேரவைகள் எதிர்க்கட்சிகளிடம் போகப்போக, குடியரசுத் தலைவர் தேர்தலும் காங்கிரஸின் பிடியிலிருந்து நழுவும் நிலை. ராதாகிருஷ்ணனே தொடரட்டும், ஜாகிர் ஹுசைன் துணைத் தலைவராகவே இருக்கட்டும் என்பது காங்கிரஸ் தலைவர் காமராஜரின் எண்ணம். பிரதமர் இந்திரா காந்தி ஜாகிர் ஹுசைன்தான் என்பதில் உறுதியாக நின்றார். எதிர்க்கட்சிகள் சாதாரண ஆளை நிறுத்தவில்லை. கோலக்நாத் வழக்கில் அடிப்படை உரிமைகளில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்று பிப்ரவரியில் தீர்ப்பளித்த அமர்வின் தலைவர், தலைமை நீதிபதி கோ. சுப்பாராவ், ஏப்ரலில் பதவி விலகி வேட்பாளரானார்.

இப்போது வாக்கு மதிப்புக் கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சக்காத் கணக்கைவிட எளிதுதான். பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரின் ஓட்டுக்கும் அவருடைய மாநில மக்கள்தொகையை ஒட்டி ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள்தொகையை, தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மீதி 500-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். 1961 கணக்கெடுப்பில் சென்னை மாநில மக்கள்தொகை 3,36,86,953. உறுப்பினர்கள் 234. வகுத்தால் ஒருவருக்கு 1,43,961 பேர். ஆயிரத்தால் வகுத்தால் 143, மீதி 961. எனவே 1967-இல் நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 144. பிறகு எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு மதிப்புகளையும் கூட்டி, அந்தத் தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எம்.பி.யின் மதிப்பு கிடைக்கும். அந்த வருடம் அது 576. இந்த ஏற்பாட்டால் மொத்த மாநிலங்களின் எடையும் நாடாளுமன்றத்தின் எடையும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. பெரிய மாநிலம் சிறிய மாநிலத்தை ஏமாற்றவும் முடியாது, தில்லி மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யவும் முடியாது. (இப்போது தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் மதிப்பு 176. அது 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. அதை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.)

வாக்குச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களின் பெயருக்கு நேராக 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். செல்லத்தக்க மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் முதல் விருப்பமாகவே ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அவர் வெற்றி. இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் இருக்கும் இரண்டாம் விருப்பத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக்கொண்டே போவார்கள். வாக்கெடுப்பு ரகசியம். கட்சிகள் கொறடா உத்தரவு போடவும் முடியாது. 1967-இல் இந்த ரகசியம்தான் கவலையை உண்டாக்கியது. வெளியில் ஒரு பெயருக்கு ஆதரவு என்று கைதூக்கிவிட்டு, திரைக்குப் பின்னால் இன்னொரு பெயருக்கு 1 எழுதினால் கண்டுபிடிக்க வழியில்லை. பிரிவினை நடந்து இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை. பாகிஸ்தானோடு போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. வேட்பாளரின் தம்பி அந்த நாட்டில் அமைச்சராக இருந்தவர். வாக்களிப்பவர்களில் முஸ்லிம்கள் மிகச் சிலர். ஒரு முஸ்லிமின் பெயருக்கு நேராக இவர்கள் என்ன எழுதுவார்கள் என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை, ஆனால் எல்லோரிடமும் இருந்தது.

மே 6-ஆம் தேதி தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர்கள் நாடு முழுவதிலும் சேர்த்து நான்காயிரத்துச் சொச்சம் பேர்தான். வேட்பாளர்களோ 17 பேர். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. இருவருக்குத் தலா 125 கிடைத்தது. அது ஒரே ஓர் எம்.எல்.ஏ. போட்ட ஓட்டின் மதிப்பாகவே இருக்கக்கூடும். (இப்படிப் பொழுதுபோக்காக நிற்பவர்களைத் தடுக்கவே 1974-இல் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், காப்புத் தொகை கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அந்த எண்ணிக்கை பின்னர் ஐம்பது ஐம்பதாகியது.) செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,38,048. வெல்வதற்குத் தேவை 4,19,025. ஜாகிர் ஹுசைன் பெற்றது 4,71,244. சுப்பாராவ் பெற்றது 3,63,971. முதல் எண்ணிக்கையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. தேவையான கோட்டை அவர் தாண்டிய தூரம் 52,219, எம்.பி. ஓட்டுகளாகக் கணக்கிட்டால் சுமார் 90 பேர். 1962-ஐப் போல ஒருதலையான வெற்றி அல்ல இது. ஆனால் அஞ்சியதுபோல் திரைக்குப் பின்னால் எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஜலந்தரில் அவரைக் கொல்ல நின்றவர்களும் காத்தவர்களும் இந்த நாட்டின் மக்கள்தான். அவர்களின் பிரதிநிதிகளிடம் ரகசியச் சீட்டைக் கொடுத்தபோது பெரும்பான்மை இந்தப் பக்கம் நின்றது. மே 13-இல் தலைமை நீதிபதி வாஞ்சூ பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

மாணவரின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நேரடித் தேர்தல் வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே கே.டி. ஷா வாதாடினார். நேருவும் அம்பேத்கரும் ஏற்கவில்லை. ஆட்சி அதிகாரம் மக்களவைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவையிடம் இருக்கிறது. குடியரசுத் தலைவர் அதன் ஆலோசனைப்படி நடப்பவர். கோடிக்கணக்கான மக்கள் நேரடியாக வாக்களித்து ஒருவரை உட்கார வைத்துவிட்டு, உனக்குச் சொந்தமாக அதிகாரம் இல்லை என்று சொல்வது பொருந்தாது. நாளை அவர் மக்கள் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிரதமரோடு மோதக்கூடும் என்பது அவர்களின் வாதத்தின் சாரம். கிலாஃபத் வரலாறு படித்தவர்களுக்கு, உமர் (ரலி) அவர்கள் நியமித்த ஆறு ஸஹாபாக்களின் குழுவும், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) தம்மை விலக்கிக்கொண்டு மதீனாவாசிகளின் கருத்தைக் கேட்டறிந்ததும் நினைவுக்கு வரலாம். தேர்ந்தெடுக்கும் முறையில் ஒரு சாயல் உண்டு. ஆனால் அங்கே தேர்வானவரிடம் ஆட்சியே ஒப்படைக்கப்பட்டது, இங்கே அப்படியல்ல.

அப்படியல்ல என்பதை ஜாகிர் ஹுசைனின் வாழ்க்கையே காட்டுகிறது. அலீகர் துணைவேந்தராக இருந்தபோது அவர் அஞ்சுமன் தரக்கீ உருதுவின் தலைவராகவும் இருந்தார். உத்தரப் பிரதேசத்தில் உருது பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் மறைந்துகொண்டிருந்தது. ஒரு மாநில மக்களில் கணிசமானோர் கேட்டால் அவர்களின் மொழிக்கு அங்கே அதிகாரபூர்வ இடம் தரும்படி குடியரசுத் தலைவர் உத்தரவிடலாம் என்கிறது 347-ஆம் பிரிவு. அதை நம்பி அஞ்சுமன் ஊர் ஊராக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. 1954-இல் ஜாகிர் ஹுசைன் தலைமையில் ஒரு தூதுக்குழு அந்த மனுவைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுத்தது. உத்தரவு வரவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, மனு கொடுத்தவரே மனு வாங்கும் நாற்காலியில் அமர்ந்தார். அப்போதும் உத்தரவு வரவில்லை. அமைச்சரவை சொல்லாமல் அந்தக் கையெழுத்தைப் போட அவரால் முடியாது. அதை மீறிப் போராட அவர் முயலவும் இல்லை.

இதை வைத்து அவரைக் குறை சொன்னவர்கள் நம் சமுதாயத்தில் உண்டு. பதவி கிடைத்தது, பயன் என்ன என்று கேட்டார்கள். அந்த ஆதங்கம் பொய்யானதல்ல. ஆனால் கேள்வி தவறான வாசலில் நின்று கேட்கப்பட்டது என்றே நினைக்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் உருது இரண்டாம் ஆட்சி மொழியானது 1989-இல். அதைச் செய்தது மாநிலச் சட்டமன்றம். பஞ்சாயத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போடுகிற ஓட்டு சின்ன ஓட்டு என்று அந்த மாணவர் நினைத்திருந்தார். அந்தச் சின்ன ஓட்டில் வந்த எம்.எல்.ஏ.க்கள்தான் 1967-இல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர். உருதுக்கு இடம் தந்ததும் அப்படி வந்தவர்களே.

ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை ஜாகிர் ஹுசைன் முடிக்கவில்லை. 1969 மே 3, சனிக்கிழமை காலை. வழக்கமான பரிசோதனைக்கு மருத்துவர்கள் வந்திருந்தார்கள். சற்று இருங்கள் என்று குளியலறைக்குப் போனவர் அங்கேயே மாரடைப்பால் வஃபாத்தானார். வயது 72. பதவியில் இருக்கும்போதே காலமான முதல் குடியரசுத் தலைவர் அவர்தான். ஜனாஸா ஜாமிஆ வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

காலியான இடத்துக்கு ஆகஸ்டில் தேர்தல் வந்தது. இந்திரா காந்தி தம் கட்சியின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைக் கைவிட்டு, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று தம் ஆதரவாளர்களுக்குச் சொன்னார். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்பங்களைப் பிரித்தபோது வி.வி. கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.